தம்பி மகன் போனை வாங்கிப் போய் ஐந்து வாரம் ஆகிறது. ரசீது இல்லை. கேட்டால் ‘தேசப் பாதுகாப்பு’ என்கிறார்கள்

செல்லூர் துண்டு வியாபாரி

எல்லோருக்கும் வணக்கம். நான் மதுரை செல்லூரில் துண்டு, லுங்கி மொத்த வியாபாரம் பார்ப்பவன். சட்டம் எனக்குத் தெரியாது. அதனால் தப்பாக எழுதினால் திருத்துங்கள்.

என் தம்பி மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். 2025 மே மாதம் பாகிஸ்தானோடு சண்டை நடந்த அந்த நான்கு நாளில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இரண்டு வரி போட்டிருக்கிறான். “பஹல்காமில் 26 பேர் செத்தார்கள். அவ்வளவு பேர் கூடுகிற இடத்தில் காவல் ஏன் இல்லை என்று யார் பதில் சொல்வது?” அவ்வளவுதான் வாசகம். நானே படித்தேன். ராணுவத்தைப் பற்றி ஒரு எழுத்து கிடையாது.

அதை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேலே அனுப்பிவிட்டார்கள். மறுநாள் சாயங்காலம் மப்டியில் இரண்டு பேர் வந்து, சும்மா ஒரு விசாரணை என்று ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். மூன்று மணி நேரம். அடிக்கவில்லை, டீகூட வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு வெள்ளைத் தாளில் கீழே கையெழுத்து வாங்கினார்கள். மேலே ஒன்றும் எழுதவில்லை என்கிறான்.

நான் மூன்று தடவை போய்விட்டேன். முதல் தடவை ரைட்டர் இல்லை. அடுத்த தடவை “சைபர் கிரைமுக்குப் போயிருக்கிறது” என்றார்கள். மூன்றாம் தடவை ஒருவர் என்னை உட்கார வைத்து, ரொம்ப மரியாதையாக, “தேசப் பாதுகாப்பு விஷயம் அண்ணாச்சி. பையன் படிக்கிற பையன். ஏன் பெரிசு பண்றீங்க?” என்றார். அதட்டியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

போனுக்கு இன்னும் ஐந்து தவணை கட்ட வேண்டியிருக்கிறது. தம்பி, “விடுண்ணே, வேற போன் வாங்கிக்கலாம்” என்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. என் தாய்மாமன் 71 சண்டைக்குப் போய் வந்தவர், நாங்கள் நாட்டுக்கு எதிரான குடும்பம் இல்லை. சண்டை நடக்கும்போது நமக்குக் கேட்கிற உரிமையே இல்லாமல் போய்விடுமா? அதை மட்டும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழவாசல் பாண்டி

அண்ணே, போன் போனது போகட்டும். எல்லையில் ஒருத்தன் உயிரைக் கொடுக்கும்போது இங்கே உட்கார்ந்து ஸ்டேட்டஸ் எதற்கு? கேட்க வேண்டியதைச் சண்டை முடிந்த பிறகு கேட்கலாம். பையனைக் கொஞ்சம் கண்டித்து வையுங்கள்.

பழைய குமாஸ்தா

அண்ணாச்சி, முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். நான் முப்பத்தொரு வருஷம் வக்கீல் குமாஸ்தா. மாவட்ட கோர்ட்டில் ஆரம்பித்து, 2004 ஜூலையில் ஒத்தக்கடைப் பக்கம் ஐகோர்ட் கிளை திறந்த பிறகு அங்கேயே கிடந்தவன். அதற்கு முன்னால் மெட்ராஸ் ஐகோர்ட்டுக்குக் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு பாண்டியன் எக்ஸ்பிரஸில் எத்தனை ராத்திரி போனேன் என்று கணக்கே இல்லை. அதில் பெரும்பாலும் ஆட்கொணர்வு மனுக்கள், பிடித்து வைத்திருப்பவனைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்பது. எங்கள் பாஷையில் எச்.சி.பி.

நீங்கள் கேட்டதற்கு நேர் பதில்: உரிமை போகவில்லை. உரிமைகளை நிறுத்திவைக்க வேண்டுமானால் அரசியல் சாசனத்தின் 352-ஆம் பிரிவில் நெருக்கடி நிலை அறிவிக்க வேண்டும். அது இதுவரை மூன்றே தடவைதான் நடந்திருக்கிறது: 1962, 1971, 1975. கார்கில் சண்டையில் அறிவிக்கவில்லை. இந்த மே மாதமும் அறிவிக்கவில்லை. ஆகவே உங்கள் தம்பி மகனுக்கு ஏப்ரலில் இருந்த உரிமை எல்லாம் மே மாதமும் இருந்தது. “தேசப் பாதுகாப்பு” என்று ஒருவர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வாயால் சொன்னால் அது சட்டம் ஆகாது.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் சொல்கிறேன்: எழுதி வாங்குவது. என் காலத்தில் குண்டாஸ், என்.எஸ்.ஏ. (தேசியப் பாதுகாப்புச் சட்டம்) தடுப்புக் காவல் உத்தரவுகள் எத்தனையோ உடைந்தன. டெட்டனூ, அதாவது பிடிபட்டவன், நல்லவன் என்று உடைந்தது அபூர்வம். சாதாரணமாக ஐந்து நாளுக்குள் காரணங்களை எழுதிக் கொடுக்க வேண்டும், ஆறாம் நாள் கொடுத்திருப்பார்கள். அதோடு தருகிற ஆவணக் கட்டில், புக்லெட் என்போம், 87-ஆம் பக்கம் ஜெராக்ஸ் மங்கிப் படிக்க முடியாது. ஆள் தமிழ் மட்டும் தெரிந்தவன், ரிமாண்ட் உத்தரவு இங்கிலீஷில் இருக்கும், மொழிபெயர்ப்பு இருக்காது. அவன் கொடுத்த மனு செகரட்டேரியட்டில் சும்மா பத்து நாள் தூங்கியிருக்கும். இதில்தான் உடையும். புதிதாக வரும் ஜூனியர்கள், “இதெல்லாம் டெக்னிக்கல் பாயிண்ட் அண்ணே” என்று சிரிப்பார்கள். ஒருத்தனை விசாரணையே இல்லாமல் ஒரு வருஷம் உள்ளே வைக்கிற சட்டத்தில் அவனுக்கென்று மிச்சம் இருப்பது அந்தத் தேதியும் அந்தப் பக்கமும்தான் தம்பி என்பேன்.

தாள் இல்லாத காலத்தையும் பார்த்திருக்கிறேன். 1976 ஜனவரி 31-ஆம் தேதி தி.மு.க. ஆட்சியைக் கலைத்தார்கள். எனக்கு அப்போது 18 வயது, சிம்மக்கல்லில் டைப்ரைட்டிங் ஹையர் படித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் விடியுமுன்னே எதிர்வீட்டு வாத்தியாரை மிசா என்கிற தடுப்புக் காவல் சட்டத்தில் பிடித்துப் போனார்கள். அவர் மனைவி, நான் டைப் அடிக்கிறவன் என்பதற்காக என்னிடம் வந்து, “ஏன் பிடிச்சாங்கன்னு கேட்டு ஒரு மனு அடிச்சுக் கொடு தம்பி” என்றார். அடித்தேன். பதில் வரவில்லை. வரவும் வராது. மிசாவில் 16-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, காரணத்தைப் பிடிபட்டவனுக்கும் சொல்ல வேண்டாம், கோர்ட்டுக்கும் சொல்ல வேண்டாம் என்று ஆக்கியிருந்தார்கள். அது தெரியாமல் அந்த அம்மா மாதம் ஒரு மனு போட்டார். பதினோரு மனு. எல்லாவற்றுக்கும் கார்பன் காப்பி வைத்திருந்தார்.

ஒன்பது ஐகோர்ட்டுகள், நெருக்கடி நிலையிலும் காவல் சட்டப்படி நடந்ததா என்று பார்க்கலாம் என்றன. சுப்ரீம் கோர்ட் 1976 ஏப்ரல் 28-ஆம் தேதி, நாலுக்கு ஒன்று என்ற கணக்கில், பார்க்க முடியாது என்றது. வழக்கு நடக்கும்போது நீதிபதி எச்.ஆர். கன்னா அட்டர்னி ஜெனரலிடம் கேட்டார்: ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஒருவனைக் கொன்றுவிட்டால் அதற்கும் பரிகாரம் இல்லையா? நெருக்கடி நிலை இருக்கும் வரை இல்லை என்பதே பதில். கன்னா மட்டும் மாற்றித் தீர்ப்பு எழுதினார். 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி இளையவரைத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள், அவர் ராஜினாமா செய்தார். அந்த நாலு பேரில் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட். 2017-இல் அந்தத் தீர்ப்பு தவறு என்று எழுதித் தள்ளியவர் அவருடைய மகன். கோர்ட் வராந்தாவில் நாங்கள் இதைப் பேசிப் பேசி மாளவில்லை.

பாண்டி தம்பி, சண்டை முடிந்ததும் கேட்கலாம் என்கிறீர்கள். 62 சீனச் சண்டை ஒரு மாதம். அதற்காக அக்டோபரில் அறிவித்த நெருக்கடி நிலை 1968 ஜனவரி வரை நீடித்தது. அதற்காகப் போட்ட இந்தியப் பாதுகாப்பு விதிகளில்தான் 1965-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது கலைஞரைப் பிடித்துப் பாளையங்கோட்டையில் வைத்தார்கள். சீனாக்காரனுக்கும் இந்திக்கும் என்ன சம்பந்தம்? “முடிந்த பிறகு” என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

இனி உங்கள் காரியம். விசாரணையில் சொன்னதைப் போலீஸ் எழுதினால் அதில் கையெழுத்தே வாங்கக் கூடாது, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) 181-ஆம் பிரிவு. ஒரு பொருளைப் பறிமுதல் செய்தால் மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும், 106. பறிமுதலை வீடியோ எடுத்து, பட்டியல் போட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும், 105. இதில் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. ஆகவே இன்னொரு தடவை நேரில் போகாதீர்கள். ஒரு பக்கத்துக்கு மிகாமல் மனு எழுதுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு அழைத்துப் போனார்கள், எப்போது விட்டார்கள், போன் மாடல், ஐ.எம்.இ.ஐ. எண் (பெட்டியில் இருக்கும்), வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கியது. கடைசியில் மூன்று கேள்வி: வழக்கு எண் என்ன, எந்தப் பிரிவில் பறிமுதல், மகஜர் (பறிமுதல் பட்டியல்) நகல் எங்கே. கோபமான வார்த்தை ஒன்றுகூட வேண்டாம். பையன் பெயரில், பையன் கையெழுத்தில். இன்ஸ்பெக்டருக்கு ஒன்று, கமிஷனருக்கு ஒன்று, தபாலில், ஒப்புகை அட்டையோடு. பத்து நாள் பார்த்துவிட்டு, பதில் இல்லையென்றால் ஒரு வக்கீல் மூலம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 503-இல் பொருளைத் திருப்பிக் கேட்டு மனு.

ஓய்வு பெற்ற ஏட்டு

குமாஸ்தா அண்ணன் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் மறுபக்கமும் ஒருத்தன் சொல்ல வேண்டுமல்லவா? 2011 அக்டோபர் 28, திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஆலம்பட்டியில், அத்வானி ரத யாத்திரை போகிற வழியில் பாலத்துக்கு அடியில் பைப் வெடிகுண்டு. நான் அன்றைக்கு அந்த ரோட்டில் பந்தோபஸ்து. குண்டை எடுக்கும்வரை கால் தரையில் ஒட்டியே நிற்கிறது. அந்த நேரத்தில் ஒருத்தன் வந்து “எந்தப் பிரிவில் ரோட்டை மறிக்கிறீங்க” என்று கேட்டால் நானும் கத்தித்தான் இருப்பேன்.

ஆனால் ஐந்து வாரம் கழித்துமா? அதை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன். உள்ளே நடக்கிற ஒன்றைச் சொல்கிறேன். மேலே இருந்து “அந்தப் பையன் போனை வாங்கி வை” என்று போனில்தான் சொல்வார்கள். எழுத்தில் வராது. நாளைக்கு வம்பு என்று வந்தால், “நான் அப்படிச் சொல்லவில்லையே” என்பார்கள், மெமோ எனக்கு வரும். என் சர்வீஸில் இரண்டு தடவை வந்திருக்கிறது. அதனால் நீங்கள் எழுதிக் கேட்டால் அந்த ஸ்டேஷனில் இருக்கிற கீழ்நிலை ஆட்களுக்கும் அது உபகாரம்தான். தாள் வந்துவிட்டால் அவர் அதை மேலே அனுப்பி, “என்ன செய்யட்டும்” என்று கேட்பார். அப்போது யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

இன்னொன்று. மனுவில் டீ வாங்கிக் கொடுத்ததையும் எழுதுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிற ஆள் என்று தெரியும்.

உசிலம்பட்டி மாயா

எல்லாரும் தாள் தாள் என்கிறீர்கள். எங்கள் ஊர்ப் பக்கம் கேட்டுப் பாருங்கள், தாள் என்றாலே கை நடுங்கும். எங்கள் பாட்டனார்களை வெள்ளைக்காரன் பிறவிக் குற்றவாளி என்று எழுதி, பத்து விரலையும் உருட்டி எடுத்தான். குற்றப் பரம்பரைச் சட்டம், எங்கள் பேச்சில் ரேகைச் சட்டம். ராத்திரி சொந்த வீட்டில் படுக்க விடாமல் ஸ்டேஷன் வாசலில் படுக்கவைத்தார்கள். பக்கத்து ஊர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி சுட்டதில் 16 பேர். ஒருத்தி பெண். ஊர் அமைதிக்கு என்றுதான் அதையும் சொன்னார்கள். எல்லாமே எழுத்தில், முத்திரையோடு, முறையாகத்தான் நடந்தது.

அதனால் முறையாகத் தாள் கொடுத்துவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்தப் பையன் கேட்டது போனைப் பற்றி இல்லை. 26 பேர் செத்ததற்கு யார் பொறுப்பு என்று கேட்டான். நாம் எல்லாரும் சேர்ந்து அதை போன் பஞ்சாயத்தாக ஆக்கிவிட்டோம்.

பழைய குமாஸ்தா

மாயா, குட்டு வாங்கிக்கொண்டேன். சரியான குட்டு.

நீங்கள் சொன்ன ரேகைப் புத்தகம் அவர்கள் கையில் இருந்த தாள். அதைப் பார்க்கவும் முடியாது, தப்பு என்று எதிர்த்து எழுதவும் வழி கிடையாது. நான் கேட்பது நம் கைக்கு வருகிற தாள், நாம் பதில் எழுதுகிற தாள். இந்த மே மாதம் 8-ஆம் தேதி எக்ஸ் நிறுவனம் 8,000-க்கு மேல் கணக்குகளை முடக்க உத்தரவு வந்ததாக வெளியே சொன்னது, பலவற்றுக்கு எந்தப் பதிவு தப்பு என்றுகூடக் குறிப்பிடவில்லை என்றும் சொன்னது. உத்தரவு என்று ஒன்று இருக்கிறது, கணக்கை இழந்தவன் கையில்தான் அது கிடையாது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்த பிறகு மூன்று மாவட்டத்துக்கு நெட்டை நிறுத்தினார்கள். திருநெல்வேலியில் இருந்த என் மகள் கடைக்காரரிடம் கடன் சொல்லி அரிசி வாங்கினாள். ஏன் நிறுத்தினார்கள் என்கிற உத்தரவை அவள் கண்ணால் பார்த்ததில்லை. 2020 ஜனவரியில்தான், காஷ்மீரில் நெட்டை நிறுத்திய வழக்கில், இப்படிப்பட்ட உத்தரவுகளை வெளியிட்டாக வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது.

பையன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அதைக் கேட்பது தேசத் துரோகம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று. 1999-இல் கார்கில் சண்டை ஜூலை 26-ஆம் தேதி முடிந்தது. 29-ஆம் தேதி வாஜ்பாய் அரசே ஒரு கமிட்டி போட்டது, எதிரி மலையேறி உட்காரும்வரை நமக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று பார்க்க. தலைவர் கே. சுப்பிரமணியம், திருச்சியில் பிறந்தவர். அடுத்த பிப்ரவரியில் அறிக்கை பார்லிமென்டில் வைக்கப்பட்டது. சில பகுதிகளை மறைத்துத்தான் வைத்தார்கள், ஆனாலும் வைத்தார்கள். நாடு இடிந்து விழவில்லை. 62 தோல்வியைப் பற்றி ஹெண்டர்சன் புரூக்ஸ் எழுதிய அறிக்கையை மட்டும் இன்றுவரை அரசு வெளியிடவில்லை. அறுபது வருஷத்துக்கு மேலே ஆகிறது. அன்று சண்டை போட்ட ஜெனரல்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

பேச்சுக்காக உள்ளே போன கதை நம் திருமங்கலத்திலேயே இருக்கிறது. 2002 ஜூன் 29-ஆம் தேதி வைகோ அங்கே பேசினார், ஜூலை 11-ஆம் தேதி பொடா என்கிற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைது, 19 மாதம் வேலூர்ச் சிறை. அந்தப் பொடா மசோதாவுக்கு அதே மார்ச்சில் அவர் கட்சியும் ஆதரவு கொடுத்திருந்தது. இதை அவரைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கை தூக்கும்போது அது நம் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. 2003 டிசம்பரில், உள்நோக்கம் இல்லாமல் வெறுமனே பேசினால் அது பொடாக் குற்றம் ஆகாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. அதற்குப் பிறகும் அவர் வெளியே வரப் பிப்ரவரி ஆனது.

அண்ணாச்சி, மனு எழுதினீர்களா?

செல்லூர் துண்டு வியாபாரி

எழுதினோம். பையனே உட்கார்ந்து எழுதினான். ஏட்டு ஐயா சொன்ன டீயும் இருக்கிறது. மாயா எழுதியதைப் படித்துவிட்டு, ஸ்டேட்டஸில் என்ன போட்டேன் என்பதை ஒரு வார்த்தை விடாமல் மனுவில் சேர்க்கப் போகிறேன் என்றான். நான் வேண்டாம் என்றேன். தம்பியும் வேண்டாம் என்றான். அவன் அம்மா மட்டும், “அவன் எழுதினதை அவன் எழுதினேன்னு சொல்றதுக்கு என்ன?” என்று கேட்டாள். சேர்த்துவிட்டோம். தபால் ஆபீசில் பணம் கட்டும்போது எனக்குக் கை கொஞ்சம் நடுங்கியது உண்மை.

செல்லூர் துண்டு வியாபாரி

இது பதினோராம் நாள். நேற்று ஸ்டேஷனிலிருந்து ஒருவர் போன் செய்து, “எதற்குத் தபால், நேரிலேயே கேட்டிருக்கலாமே” என்றார். மூன்று தடவை கேட்டேனே என்று சொல்லவில்லை. சரிங்க சார், எழுத்தில் பதில் கொடுங்கள் என்றேன். பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்.

இன்று காலையில் ஒப்புகை அட்டை இரண்டும் வந்துவிட்டன. கமிஷனர் அலுவலக அட்டையில் முத்திரை, தேதி, எல்லாம் தெளிவாக இருக்கிறது. ஸ்டேஷன் அட்டையில் கையெழுத்து மட்டும் இருக்கிறது, யாருடையது என்று படிக்க முடியவில்லை. இது போதுமா?

பழைய குமாஸ்தா

போதும். அட்டையைத் துண்டுக் கட்டுக்கு நடுவில் வைத்துத் தொலைத்துவிடாதீர்கள். இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து ஒரு காப்பியை வேறு வீட்டில் வையுங்கள். திங்கட்கிழமை பத்து மணிக்கு மாவட்ட கோர்ட் வாசலில் இருங்கள், என் பழைய ஜூனியர் ஒருவரை வரச் சொல்கிறேன். போன் பெட்டியையும் தவணை ரசீதையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.